டிசம்பர் லீவுல ஓர்கா ஷோ: பசங்கள கூட்டிட்டுப் போகலாமா வேண்டாமா?

செல்வி_டர்பன் எழுதியது:

வணக்கம். டிசம்பர் லீவுக்கு ஆர்லாண்டோவுல இருக்கற என் தம்பி வீட்டுக்குப் போறோம், ஃப்ளைட் டிக்கெட்லாம் போட்டாச்சு. அவன் ஆசையா சீவேர்ல்ட்ங்கற கடல் பிராணி பார்க்குக்கு கூட்டிட்டுப் போறேன்னு பசங்ககிட்ட சொல்லிட்டான், அதுல வீடு ரெண்டு கட்சி ஆயிடுச்சு. சின்னவனுக்கு ஓர்கான்னா, அந்த கருப்பு வெள்ளை கொலையாளித் திமிங்கலம்னா உயிரு, ரூம் சுவர் பூரா ஓர்கா படம்தான். பெரியவ ஹைஸ்கூல் படிக்கறா, அவ நான் வரவே மாட்டேன், அது ஜெயிலு, நீங்க குடுக்கற காசுலதான் அது நடக்குதுன்னு ஒரே பிடிவாதம். வீட்டுக்காரர் சொல்றார், இங்க டர்பன்ல உஷாகா பார்க்ல டால்பின் ஷோ நாம பாக்காததா, அப்ப கை தட்டினவதானே இவ, நேரத்துக்கு சாப்பாடு, டாக்டர் எல்லாம் இருக்கு, கடல்ல யாரு இருக்கா வைத்தியம் பாக்கன்னு. தம்பி வேற, இப்ப இருக்கறதுல பெரும்பாலும் பார்க்லயே பொறந்து வளந்ததுக்கா, கடலையே பாக்காததுக்கு கடல் மேல என்ன ஏக்கம் வரப்போகுதுங்கறான்.

எனக்கு சண்டை வேண்டாம், விவரம்தான் வேணும். அந்த ஓர்கா காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்ன பண்ணும், என்ன சாப்பிடும், உடம்பு எப்படி இருக்கும், கடல்ல இருக்கறதுக்கும் இதுக்கும் நிஜமாவே அவ்ளோ வித்தியாசமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா எழுதுங்க, பொண்ணையும் பக்கத்துல உக்கார வச்சு படிக்கப் போறேன்.


மீன்கிச்சன்_ராஜா எழுதியது:

அக்கா, நான் இப்ப ரிச்சர்ட்ஸ் பே. அதுக்கு முன்னாடி வளைகுடா பக்கம் ஒரு டால்பின் பார்க்ல மீன் கிச்சன்ல இருந்தேன். ஓர்காகிட்ட வேலை பாத்ததில்ல, ஆனா சாப்பாட்டு முறை எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால அத மட்டும் சொல்றேன்.

எல்லாமே ஃப்ரீசர் மீன். ஹெர்ரிங், கேப்பலின், கணவாய், பெட்டி பெட்டியா உறைஞ்சு வரும், முந்தின நாளே எடுத்து குளிர் ரூம்ல வச்சு இளக விடணும். விடியறதுக்கு முன்னாடி கையுறை போட்டுக்கிட்டு ஒவ்வொரு மீனா புரட்டிப் பாப்போம், வயிறு வெடிச்சது, கண்ணு உள்ள போனது, தோல் உரிஞ்சது எல்லாம் தனியா தூக்கிப் போட்டுடணும், அதுல எங்க சூப்பர்வைசர் ரொம்ப கறார். மீன உறைய வச்சா பி1 வைட்டமின் குறைஞ்சு போயிடும், அதனால மாத்திரைய செவுளுக்குள்ள சொருகி வச்சு அந்த மீன முதல் வாளியில மேலாக வைப்போம், பசியா இருக்கும்போது கவனிக்காம முழுங்கிடும்ல. நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு தண்ணி விஷயம். டால்பினோ ஓர்காவோ கடல் தண்ணிய குடிச்சு தாகம் தீத்துக்கறதில்ல, இரையோட உடம்புல இருக்கற ஈரம்தான் அதுக்குத் தண்ணி. உறைஞ்சு இளகின மீன்ல அந்த ஈரம் கொஞ்சம் வடிஞ்சு போயிருக்கும், அதனால ஜெலட்டின் காய்ச்சி கட்டி கட்டியா வெட்டி வாய்ல போடுவாங்க. சீவேர்ல்ட்ல ஓர்காவுக்கும் ஜெலட்டின் குடுக்கறாங்க.

மத்தபடி ஒரு நாள்னா விசில், மீன், விசில், மீன். ட்ரெயினர் வந்து வாயத் திறக்கச் சொல்லி பாப்பாரு, வால காட்டச் சொல்லி ரத்தம் எடுப்பாங்க, மூச்சுத் துளை மேல ஒரு தட்டு பிடிச்சு மூச்ச சாம்பிள் எடுப்பாங்க, எல்லாமே மீனுக்காக அதுவா வந்து செய்யும். அப்பறம் ஷோ. ஷோ முடிஞ்சா கேட்டத் திறந்து பின்னாடி பூலுக்கு. மிச்ச நேரம்? அதுதான் பிரச்சனையே, மிச்ச நேரம் ஒண்ணும் கிடையாது. சுத்தும், மேல வந்து அசையாம மிதக்கும், மறுபடி சுத்தும். ஓர்கா கடல்ல ஒரு நாள்ல 100 கிலோமீட்டர் கூட போகும், இரை தேடறதுலயே பாதி நாள் ஓடிடும், இங்க வாளி தேடி வந்துடுதே.

சும்மா இருக்கற வாய் எதையாவது கடிக்கும். ஓர்கா கான்கிரீட் விளிம்பையும் இரும்பு கேட்டையும் கடிச்சு கடிச்சு பல்லு தேஞ்சு உடைஞ்சு போகும், உள்ள நரம்பு தெரிய ஆரம்பிச்சா பல்லுல ட்ரில் போட்டு ஓட்டை போட்டு விட்டுடுவாங்க. நமக்கு மாதிரி மேல அடைக்க மாட்டாங்க, அதனால மீன் துணுக்கு போய் சேராம இருக்க அந்த ஓட்டைய தினம் மருந்துத் தண்ணி அடிச்சு கழுவணும், சாகற வரைக்கும். 2017ல வந்த ஒரு ஆய்வுல பார்க்ல இருக்கற 29 ஓர்காவோட பல்லப் பாத்தாங்க, பல்லு பழுதில்லாம ஒண்ணு கூட இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, டாக்டர் இருக்கறது உண்மைதான், நல்ல டாக்டர்தான், ஆனா அவர் பாக்கற நோயில பாதி அந்த இடம் குடுத்த நோயி.


ஷண்முகம்_ஃபீனிக்ஸ் எழுதியது:

ராஜா தம்பி சொன்னத மறுக்கல. ஆனா மறுபக்கமும் இருக்குல்ல. 1960கள் வரைக்கும் ஓர்காவ ஜனங்க பேய் மாதிரிதான் பாத்தாங்க, மீனவங்க கண்டா சுடுவாங்க. கனடாவுல 1961ல ஓர்காவ சுடறதுக்குன்னே அரசாங்கம் கரையில ஒரு மெஷின் கன் கொண்டு வந்து நிறுத்துச்சு, கடைசியில சுடல, ஆனா நிறுத்துச்சு. 1964ல வான்கூவர்காரங்க சிலை செய்ய மாடலுக்காக ஒரு ஓர்காவ கொல்லப் போயி, அது சாகாததால இழுத்துட்டு வந்து வச்சாங்க, மோபி டால்னு பேரு, ரொம்ப நாள் பொழைக்கல, ஆனா அத நேர்ல பாத்த பிறகுதான் இது சாதுவான புத்திசாலிப் பிராணின்னு உலகத்துக்கே புரிஞ்சுது. இன்னைக்கு செல்வியம்மா பொண்ணு ஓர்காவுக்காக அழுறாளே, அந்தப் பாசமே ஷோ வழியா வந்ததுதான்.

அப்பறம் சீவேர்ல்ட் ஃப்ளோரிடாவுல அடிபட்ட மானட்டிய, அதான் கடல் பசு, அத எல்லாம் எடுத்து வைத்தியம் பாத்து திருப்பி விடறாங்க, அது பொய்யில்ல. நம்ம உஷாகாவுலயும் கரை ஒதுங்கற ஆமைக்கு வைத்தியம் பாத்து கடல்ல விடறாங்க, நானே பேரப்பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய் காட்டிருக்கேன். திறந்து விடு திறந்து விடுன்னு கத்தறவங்க கெய்க்கோங்கற ஓர்காவ மறந்துடறாங்க. கோடி கோடியா செலவு பண்ணி விட்டாங்க, என்ன ஆச்சு, செத்துப் போச்சு. அதுக்கு தொட்டியிலயே இருந்திருக்கலாம்.


பாக்கியம்_டீச்சர் எழுதியது:

செல்வி, நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ரிட்டயர் ஆன டீச்சர். எனக்கு இதுல மனசு ரொம்ப நாளா கிடக்கறதால நீளமாதான் எழுதுவேன், பொறுத்துக்கோ. ராஜா பல்லச் சொன்னார், சாப்பாட்டச் சொன்னார். தொட்டி எவ்ளோ பெருசுன்னுதான் எல்லாரும் சண்டை போடறாங்க, என்னக் கேட்டா தொட்டி ரெண்டாவது, முதல்ல குடும்பம்.

டோக்கிட்டே கதைய உன் பொண்ணுக்கு சொல்லு. மயாமியில லோலிட்டான்னு பேர் வச்சு ஷோ நடத்தினாங்களே, அதுதான். 1970 ஆகஸ்ட் 8, அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல பென் கோவ்னு ஒரு குடா, படகும் வெடியும் வச்சு 80க்கு மேல ஓர்காவ அதுக்குள்ள மடக்கினாங்க. பெருசுங்களுக்கு விலை இல்ல, குட்டிதான் வேணும், லாரியில ஏத்த முடியற சைஸ்ல. அம்மாவையும் குட்டியையும் வலை போட்டுப் பிரிச்சாங்க. தப்பிச்ச பெருசுங்களும் போகாம வலைக்கு வெளியவே நின்னு கத்திக்கிட்டு இருந்ததாம். 7 குட்டிய வித்தாங்க. 5 வலையில சிக்கி மூச்சு முட்டி செத்துப் போச்சு, அதுல 4 குட்டிங்க, வெளிய தெரியாம இருக்க வயித்தக் கிழிச்சு கனம் கட்டி அமுக்கினாங்க, மூணு மாசம் கழிச்சு அதுல சிலது கரை ஒதுங்கிடுச்சு. அந்த 7ல ஒண்ணுதான் டோக்கிட்டே, அப்ப அதுக்கு சுமார் 4 வயசு. அந்தக் கடல் பக்கம் பிடிச்ச குட்டிங்க ஒண்ணு விடாம எல்லாம் செத்த பிறகும் இது மட்டும் 53 வருஷம் உயிரோட இருந்தது.

எங்க? சுமார் 80 அடி நீளத் தொட்டி, ஆழமான இடத்துலயே 20 அடி, அது உடம்பே ஏறக்குறைய 20 அடி. நிமிந்து நின்னா வால் தரையத் தட்டும். முதல்ல ஹியூகோன்னு ஒரு ஆண் ஓர்கா கூட இருந்தது, அது சுவத்துல தலைய மோதிக்கிட்டே இருக்கும், 1980ல மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு செத்தது. அதுக்கப்பறம் 43 வருஷம் இன்னொரு ஓர்கா முகத்தையே பாக்கல, டால்பின்ங்கதான் துணை. ஆனா கடைசி வரைக்கும் அது கத்தினது அதோட குடும்பமான எல் குழுவோட சத்தத்துல. ஓர்காவுல ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி சத்தம், அது அம்மாகிட்ட இருந்து வர்றது. அந்தத் தொட்டியில அதுக்கு பதில் சொல்ல ஒருத்தரும் இல்ல, ஆனாலும் கத்திக்கிட்டு இருந்திருக்கு. இத எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்குது.

2021ல அமெரிக்க அரசாங்க இன்ஸ்பெக்டருங்க குடுத்த ரிப்போர்ட்ல, கெட்டுப் போன மீன் குடுத்ததையும், சாப்பாட்டக் குறைச்சதையும், தாடையில அடிபட்ட கிழவிய குதிக்க வச்சதையும் எழுதியிருந்தாங்க. 2023 மார்ச்ல சொந்தக் கடலுக்கே கொண்டு போறோம்னு அறிவிச்சாங்க, எனக்கு அன்னைக்கு தீபாவளி. ஆகஸ்ட் 18 செத்துப் போச்சு. லம்மி பழங்குடி மக்கள் அத தங்க சொந்தக்காரியா நினைக்கறவங்க, அவங்கதான் சாம்பல வாங்கிட்டுப் போய் அந்தக் கடல்ல கரைச்சாங்க. அதோட அம்மான்னு நம்பற ஓர்கா அப்பவும் அந்தக் கடல்ல நீந்திக்கிட்டு இருந்தது, 90 வயசுக்கு மேல இருக்கும்னு சொல்றாங்க.

இப்ப உன் தம்பி கேட்டதுக்கு வர்றேன். கடலப் பாக்காதது கடலுக்கு ஏங்காதுன்னே வச்சுப்போம். அம்மாவுக்கு ஏங்காதா? கலீனான்னு ஒண்ணு, 1985 செப்டம்பர்ல அதே ஆர்லாண்டோவுல பொறந்தது, பார்க்ல பொறந்து பொழச்ச முதல் குட்டி. நாலரை வயசுல அம்மாகிட்ட இருந்து பிரிச்சு வேற ஊர் பார்க்குக்கு அனுப்பிட்டாங்க, அங்க இருந்து இன்னொண்ணு, அங்க இருந்து இன்னொண்ணு. பசிபிக் கரையோரக் குடும்பங்கள்ல பொண்ணோ பையனோ சாகற வரைக்கும் அம்மா கூடத்தான், நல்லா வளந்த ஆம்பளப் பையன் கூட அம்மா செத்தா அடுத்த வருஷமே சாகற வாய்ப்பு பல மடங்கு ஏறிடுதுன்னு ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சிருக்காங்க. அப்படிப்பட்ட ஜீவன்.

ஆர்லாண்டோன்னா திலிகும்ங்கற ஓர்கா பேரும் வரும், அதையும் சொல்லிடறேன். 1983ல ஐஸ்லாந்து கடல்ல சின்னக் குட்டியா பிடிச்சது, மூணு மனுஷ சாவுல அதுக்கு பங்கு இருக்கு, கடைசியா 2010ல அதப் பாத்துக்கிட்ட ட்ரெயினரே. கடல்ல ஓர்கா மனுஷன கொன்னதா உறுதியான பதிவு ஒண்ணு கூட இல்ல. 2016ல சீவேர்ல்ட் இனிமே குட்டி போட விட மாட்டோம்னு முடிவு பண்ணினாங்க, அதுக்கு ஜனங்க கோவம்தான் காரணம், டிக்கெட் வாங்காம நின்னவங்கதான் காரணம். உன் பொண்ணு பிடிவாதம் வீண் போகல செல்வி.


கேப்டவுன்_மணி எழுதியது:

டீச்சரம்மா எழுதினதுக்கு மேல நான் என்ன சொல்ல. நான் சைமன்ஸ் டவுன் பக்கம் படகு ரிப்பேர் வேலை, கடல்காரங்க கூடவே பொழப்பு, அதனால இங்க நடக்கறத மட்டும் சொல்றேன்.

எங்க ஃபால்ஸ் பேயில 2015ல இருந்து ரெண்டு ஆண் ஓர்கா பேர் அடிபடுது, போர்ட், ஸ்டார்போர்ட். ரெண்டுக்குமே முதுகுத் துடுப்பு சாஞ்சிருக்கும், ஒண்ணுக்கு இடது பக்கம், இன்னொண்ணுக்கு வலது பக்கம், கப்பல்காரங்க பாஷையில இடதுக்கு போர்ட், வலதுக்கு ஸ்டார்போர்ட், அத வச்சே பேரு. மில்லர்ஸ் பாயிண்ட்ல டைவ் பண்றவங்க ஏழு செவுள் சுறா கடலடியில செத்துக் கிடக்கறதப் பாத்தாங்க, நெஞ்சுப் பக்கம் கிழிஞ்சு ஈரல் மட்டும் இல்ல, மத்த சதை அப்படியே இருக்கு. 2017ல கான்ஸ்பாய்ல பெரிய வெள்ளைச் சுறாவே அப்படி கரை ஒதுங்க ஆரம்பிச்சுது, சுறாவெல்லாம் பயந்து இடத்தக் காலி பண்ணிடுச்சு, கூண்டுல இறங்கி சுறா பாக்கற டூர்காரங்க பொழப்பே ஆடிப் போச்சு. 2023 ஜூன்ல மோசெல் பேயில ஸ்டார்போர்ட் தனியாவே ரெண்டரை மீட்டர் வெள்ளைச் சுறாவ ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சு ஈரல வாய்ல கவ்விக்கிட்டு படகு பக்கமா போச்சு, அந்த வீடியோவ பையனுக்கு காட்டுங்க அக்கா, ஷோவெல்லாம் மறந்துடுவான். சுறாவோட எந்த இடத்துல ஈரல் இருக்குன்னு தெரிஞ்சு அங்க மட்டும் கிழிக்கறது ஒண்ண ஒண்ணு பாத்துக் கத்துக்கற தொழில். பசிபிக்ல ஒரு கூட்டம் சால்மன் மாதிரி மீன்தான் தின்னும், பக்கத்துலயே இன்னொரு கூட்டம் சீல் மாதிரி பாலூட்டிகளத்தான் தின்னும், ரெண்டும் சேராது. தொட்டியில பொறந்ததுக்கு இந்தத் தொழில யார் சொல்லிக் குடுப்பா?

இன்னொண்ணு, சாஞ்ச துடுப்பப் பாத்தாலே அது சிறைக்கு அடையாளம்னு நெட்ல எழுதறாங்க. எங்க ரெண்டு பேரும் சுதந்திரமா திரியறவங்க, துடுப்பு சாஞ்சுதான் இருக்கு, அதனால அத ஒத்த ஆதாரமா வச்சுப் பேசக் கூடாது. ஆனா கடல்ல முழுசா சாஞ்சது எங்கயோ ஒண்ணு ரெண்டு, பார்க்ல வளந்த ஆண் ஓர்காவுல கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் சாஞ்சுடுது. மேலயே மிதந்து கிடக்கறதால தண்ணி தாங்கிப் பிடிக்கறதில்ல, வெயில், சாப்பாடு, ஒரே பக்கமா சுத்தறதுன்னு பல காரணம் சொல்றாங்க. பொண்ணு வாதம் பண்ணும்போது இத சரியா சொல்லட்டும்.


பாக்கியம்_டீச்சர் எழுதியது:

ஷண்முகம் அண்ணே, மோபி டால் பத்தி நீங்க சொன்னது சரி, பயம் போனது நேர்ல பாத்துதான். அந்த வேலை அப்பவே முடிஞ்சு போச்சே, அதுக்காக இன்னும் எத்தன தலைமுறைய உள்ள வச்சிருக்கணும்? ஆமைய வைத்தியம் பாத்து திருப்பி விடறாங்கன்னு நீங்களே சொல்றீங்க பாருங்க, நான் கேக்கறதும் அந்தத் திருப்பி விடறதத்தான்.

கெய்க்கோவ நான் தோல்வியா பாக்கல. 1979ல ஐஸ்லாந்துல பிடிச்சது, மெக்சிகோவுல சூடான தண்ணியில, சின்னத் தொட்டியில, தோலெல்லாம் மரு வந்து இளைச்சுப் போய் கிடந்தது. 1996ல ஓரிகான் கொண்டு வந்து குளிர்ந்த கடல் தண்ணியில விட்டதும் எடை ஏறிச்சு, தோல் ஆறிச்சு. 1998ல ஐஸ்லாந்து குடாவுல விட்டாங்க, 2002ல தானா அட்லாண்டிக்கத் தாண்டி நார்வே போய் சேந்தது, போய் சேரும்போது நல்லா கொழுகொழுன்னுதான் இருந்தது, அப்ப வழியில சாப்பிட்டிருக்குன்னுதானே அர்த்தம். 2003 டிசம்பர்ல நிமோனியாவுல போச்சு. அதுக்கு கிடைக்காதது குடும்பம், மனுஷங்களத் தேடித் தேடி வந்தது அதனாலதான். சின்னதுலயே பிரிச்சத பெருசானதும் ஒட்ட வைக்க முடியல.

அதனால எல்லாத்தையும் நாளைக்கே கடல்ல தள்ளுன்னு நான் சொல்ல மாட்டேன். குடாவ வலை போட்டு அடைச்சு, நிஜக் கடல் தண்ணியில, மனுஷங்க சாப்பாடு குடுத்துப் பாத்துக்கற இடம் வேணும்ங்கறாங்க, அது நியாயம். கனடா 2019ல சட்டம் போட்டாங்க, புதுசா பிடிக்கவோ குட்டி போட வைக்கவோ கூடாதுன்னு. பிரான்ஸும் தடை போட்டாங்க, ஆன்டீப் ஊர்ல இருந்த பார்க் 2025 ஜனவரில மூடியாச்சு, ஆனா விக்கின்னு ஒரு தாயும் அதோட பையன் கெய்ஜோவும் எங்க அனுப்பறதுன்னு முடிவாகாம ஆளில்லாத பார்க்ல அதே தொட்டியிலயே மாசக்கணக்கா கிடந்தாங்க. எங்க அனுப்பினாலும் அந்த ரெண்ட மட்டும் பிரிக்காம அனுப்பணும்.


ஷண்முகம்_ஃபீனிக்ஸ் எழுதியது:

டீச்சர், தாயையும் பிள்ளையையும் பிரிக்கறத நான் எந்த நாளும் ஞாயப்படுத்த மாட்டேன். கலீனா கதை எனக்கு தெரியாது, படிச்சு கஷ்டமாதான் இருக்கு. ஆனா இப்ப உள்ள இருக்கறதுங்களுக்கு சோறு போடணும்ல, ஜனம் வராட்டி காசு எங்க இருந்து வரும், அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.


மீன்கிச்சன்_ராஜா எழுதியது:

அண்ணா சொல்றதுல நியாயம் இருக்கு. கூட்டம் குறைஞ்சா முதல்ல கை வைக்கறது மீன் பட்ஜெட்லதான்னு அந்த லைன்ல இருக்கற எல்லாருக்கும் பயம் உண்டு. அதுக்குத்தான் பார்க்க மூட வைக்கறதுக்கு முன்னாடியே அதுங்களுக்குப் போக இடமும் பணமும் ரெடி பண்ணச் சொல்லி சட்டத்துலயே எழுதணும். ட்ரெயினருங்கள திட்டறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், நான் பாத்தவங்க எல்லாம் அந்தப் பிராணிய பெத்த பிள்ளையா பாத்தவங்க, உடம்பு சரியில்லன்னா ராத்திரி பூரா தண்ணியில நின்னு தாங்கிப் பிடிப்பாங்க. செல்வி அக்கா, போனாலும் போகாட்டியும் அவங்கள தப்பா பேச வேண்டாம்.


செல்வி_டர்பன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி நாலு பேரும் உக்காந்து படிச்சோம். பொண்ணு டோக்கிட்டே வரைக்கும் வந்துட்டு எழுந்து போயிட்டா. பையன் ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, அப்ப ஆன்டீப்ல அந்தப் பையன் ஓர்கா அம்மா கூடத்தானே இருக்குன்னு கேட்டான், ஆமாண்டான்னேன். வீட்டுக்காரர் பல்லுல ட்ரில் போடறதப் படிச்சுட்டு உஷாகா பேச்சையே எடுக்கல. ஷோவுக்குப் போகல, முடிவு பண்ணியாச்சு, தம்பிகிட்டயும் சொல்லிட்டேன், அவன் கொஞ்சம் முகம் சுருங்கினான், சரிக்கான்னுட்டான். ஆனா பசங்கள அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போயிட்டு தண்ணியில ஒண்ணையும் காட்டாம கூட்டிட்டு வர மனசில்ல. அந்தப் பக்கம் தானா திரியற பிராணி எதாவது பாக்க முடியுமா? மணி தம்பி, ஈஸ்டருக்கு கேப்டவுன் வந்தா ஓர்கா பாக்க முடியுமா?


கேப்டவுன்_மணி எழுதியது:

அக்கா, ஓர்காவுக்கு நாள் குறிக்க முடியாது, இன்னைக்கு இங்க, நாளைக்கு மோசெல் பே. ஈஸ்டர்ல வாங்க, பென்குவினும் சீலும் கட்டாயம் உண்டு, ஓர்கா வந்தா உங்க யோகம். பெரிய திமிங்கலம் வேணும்னா ஆகஸ்ட் செப்டம்பர்ல ஹெர்மானஸ், அங்க கரையில நின்னே பாக்கலாம், படகே வேண்டாம். படகுல போனா பர்மிட் உள்ள ஆளாப் பாத்துப் போங்க, பர்மிட் இல்லாத படகு 300 மீட்டருக்குள்ள நெருங்கக் கூடாது, அவங்க மட்டும்தான் 50 மீட்டர் வரைக்கும் போகலாம்.

ஆர்லாண்டோவுக்கு வடக்க ப்ளூ ஸ்பிரிங்னு ஒரு ஸ்டேட் பார்க் இருக்கு, கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். குளிர் வந்தா ஆத்துல இருக்கற மானட்டி எல்லாம் அந்த ஊத்துக்குள்ள வந்து கூடிடும், ஊத்துத் தண்ணி வருஷம் பூரா ஒரே வெதுவெதுப்பு, 22, 23 டிகிரி. குட்டியும் தாயும் ஒட்டிக்கிட்டு மிதக்கறத மரப்பாலத்துல நின்னு பாக்கலாம், தண்ணி கண்ணாடி. முந்தின ராத்திரி நல்லா குளிரா இருந்த நாளா பாத்து கேட் திறக்கற நேரத்துக்கே போய் நில்லுங்க, கூட்டம் சேந்தா கார உள்ள விட மாட்டாங்க. அந்த சீசன்ல ஊத்துல குளிக்க விட மாட்டாங்க, பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.